கன்னியப்பனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

கன்னியப்பன் ஓட்டிய அம்பாசடர் கார் அவனுடையதல்ல. கள்ளிக்குப்பத்தில் செங்கல்வராயன் என்பவர் மூன்று கார்கள் வைத்திருந்தார். மூன்றும் ஆவடியில் பீரங்கி வண்டி, அதாவது டாங்க், செய்கிற தொழிற்சாலைக்கு ஒப்பந்தத்தில் ஓடின. அவற்றில் ஒன்றின் சாவி கன்னியப்பனிடம் இருந்தது, அவ்வளவுதான்.

அந்தச் சாவி அவன் கைக்கு வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். அம்பத்தூரில் எஸ்டேட் என்கிற தொழிற்பேட்டை வந்த காலத்தில் செங்கல்வராயனுடைய அப்பாவின் நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு நஷ்ட ஈடு கொடுத்தது. நியாயம்தான், நிலம் போனவருக்கு ஈடு வேண்டும். ஆனால் அதே நிலத்தில் தலைமுறை தலைமுறையாகச் சேற்றில் நின்று நாற்று நட்டவர்களுக்கும் அன்றைக்குத்தான் பிழைப்பு போயிற்று. அவர்களுக்கு என்ன ஈடு என்று எந்த ஆபீசரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை. நஷ்ட ஈடு கார்களாக மாறியது. அந்த நிலத்தில் ஏர் பிடித்தவனின் மகன் ஸ்டியரிங் பிடித்தான். முன்பு வெயிலில் நின்று செய்த அடிமை வேலையை இப்போது நிழலில் உட்கார்ந்து செய்யலாம். முன்னேற்றம் என்று ஊரில் சொன்னார்கள்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. பீரங்கி செய்யக் கற்றுக்கொடுக்க ரஷ்யாவிலிருந்து ஆட்கள் ஆவடிக்கு வந்து தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் வாலெரி, ராணுவத்தில் மேஜர், இன்ஜினியரும்கூட. அவர் மனைவி தமாரா. பிள்ளைகள் ஊரில் பாட்டனிடம். மதில் சூழ்ந்த குவார்ட்டர்ஸில் ஒரு வீடு, அதில் ஒரு குளிர்சாதனப் பெட்டி, சுவரில் பனி மூடிய ஒரு ஆற்றின் படம். தனியாக அவர்கள் எங்கும் போகக் கூடாது. ஆபீஸ் அனுப்பும் காரில் மட்டுமே போகலாம் என்பது விதி. ஆகவே வாரம் முழுக்க மதிலுக்குள் அடைந்து கிடந்த அந்தப் புருஷன் பெண்டாட்டிக்கு, ஞாயிற்றுக்கிழமை என்றால் கன்னியப்பன்.

வேறு டிரைவர்கள் வந்து பார்த்தார்கள். தமாராவுக்குப் பிடிக்கவில்லை. கன்னியப்பன் ஹாரன் அடிக்க மாட்டான். மாடு குறுக்கே வந்தால் நிறுத்திவிட்டு அது போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பான். "கன்யாப், குட்" என்று அவள் ஆபீசில் சொல்லி வைத்தாள். அந்த ஒரு நல்ல வார்த்தையோடு அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் போயின.

மார்கழிப் பனியில் அவன் தலையில் மப்ளர் கட்டிக்கொண்டு, விரல் விறைக்க வண்டியைக் கழுவிக்கொண்டு போய் நிற்பான். அவர்கள் அரைக்கைச் சட்டையும் தொப்பியுமாக வெளியே வருவார்கள். "வின்ட்டர்?" என்று அவன் மப்ளரைக் காட்டி வாலெரி சிரிப்பார். தங்கள் ஊரில் பனி எவ்வளவு உயரம் என்று தமாரா தன் இடுப்பருகே கையை வைத்துக் காட்டுவாள். பிறகு அந்தக் கையை எடுக்க மறந்தவளாகச் சற்று நேரம் அப்படியே நிற்பாள். பூண்டி ஏரி, பழவேற்காடு, பாம்புப் பண்ணை, மகாபலிபுரம், திரும்பவும் பூண்டி. எங்கே போனாலும் தண்ணீரைப் பார்த்ததும் இறங்கிவிடுவார்கள். கரையில் நிற்கிறவர்கள் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். வாலெரிக்கும் தமாராவுக்கும் அதுதான் கோடை.

வரும் வழியில் பின்சீட்டில் இருவரும் தூங்கிவிடுவார்கள். கன்னியப்பன் கண்ணுக்குக் கீழே தைலத்தைத் தடவிக்கொள்வான். கண்ணில் நீர் வழியும்; தூக்கம் போய்விடும். சனிக்கிழமை ராத்திரி விமான நிலையத்துக்கு ஒரு டிரிப் அடித்தவனுக்கு ஞாயிறு காலையில் வேறு வழியில்லை.

இந்த ஞாயிறுகளில் அவன் மனைவி பஞ்சவர்ணம் வீட்டில் இருந்தாள். எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் செம்புக் கம்பியைச் சுற்றி மோட்டார் காயில் செய்கிற வேலை அவளுக்கு. ஆறு நாளும் நின்றபடியே. கம்பெனிக்கு ஞாயிறு விடுமுறை. அவளுக்கு லீவு இருக்கிற நாளில் அவனுக்கு டூட்டி. அவன் சும்மா இருக்கிற ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானத்தில் அவள் மிஷின் முன்னால். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் கணக்கு. புருஷன் பெண்டாட்டி சேர்ந்து ஒரு பகல் பொழுது எங்கேயாவது போய்வந்தோம் என்று சொல்ல அவர்களிடம் ஒன்றுமில்லை.

பஞ்சவர்ணம் பெரிதாக ஏதும் கேட்கிறவள் இல்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

"யோவ், ஊரே காணும் பொங்கலுக்குக் கடலுக்குப் போவுது. நம்ம ரெண்டு பேரும் ஒருவாட்டி போனா இன்னா? நானு காலு நனைச்சிட்டு வந்துடறேன். வேற ஒண்ணியும் வாணாம்."

"இந்த வாட்டி கண்டிப்பா போறோம்மே," என்றான் கன்னியப்பன்.

"போன வாட்டியும் இப்டித்தான் சொன்ன."

"போன வாட்டி சொன்னது வாய். இந்த வாட்டி சொல்றது மனுசன்."

அந்த வருடம் காணும் பொங்கல் ஞாயிற்றுக்கிழமையில் வந்து தொலைத்தது.

செங்கல்வராயனிடம் போய்க் கேட்டான். அவர் பஞ்சாங்கம் பார்க்காமல் பல் துலக்காதவர். மூன்று கார்களின் முகப்பிலும் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கும். ஆயுத பூசையன்று கார்களுக்குச் சந்தனம், குங்குமம், மாலை, முழு ஓய்வு. அன்றைக்குக் காரைக் கழுவித் துடைத்து மாலை போட்ட கன்னியப்பனுக்கு ஓய்வு கிடையாது. இரும்புக்கு உடம்பு நோகும் என்று நம்புகிறவர்கள் மனிதனுக்கு நோகும் என்பதை மட்டும் எப்படியோ நம்புவதில்லை.

"காணும் பொங்கலுக்கு லீவு வோணும் மொதலாளி."

"ஞாயித்துக்கிழமையாச்சேடா. வெள்ளக்காரங்க வெளிய போவாங்களே."

கன்னியப்பன் தலையைச் சொறிந்தான். அவன் யோசித்து வைத்திருந்த ஒரே அஸ்திரம் அது. "அன்னிக்கு கரிநாளாச்சே மொதலாளி. வண்டிய வெளிய எடுக்கலாமா?"

செங்கல்வராயன் ஒரு கணம் தடுமாறினார். பிறகு தெளிந்துவிட்டார். "கரிநாளு நல்ல காரியத்துக்குத்தான்டா. டூட்டிக்கு ஏது கரிநாளு?"

அந்த மூன்று போக, சொந்த உபயோகத்துக்கு அவர் வாங்கியிருந்த புதுக் கார் மட்டும் காணும் பொங்கலன்று கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. கரிநாள் அல்லவா.

ஷெட்டில் இன்னொரு வண்டியின் டிரைவர் ஹுமாயூன், பூந்தமல்லிக்காரன், இதையெல்லாம் கேட்டுக்கொண்டு டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். "மாமே, பஞ்சாங்கம் அவுரு பாக்கெட்டுல கீது. உன் பாக்கெட்டுல பீடிதான் கீது. நீ எதுக்குப் பஞ்சாங்கம் பேசற?" என்றான். அவனும் அந்த ஞாயிறு வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. இல்லாவிட்டால் மாற்றி ஓட்டியிருப்பான்.

இங்கேதான் கன்னியப்பன் ஒரு தவறு செய்தான். காலம் காலமாகக் கேட்டுப் பெறுவதற்குப் பதிலாக ஒட்டிக்கொண்டு போய்ப் பழகியவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. லீவு கிடைக்காது, ஆனால் காரில் முன்சீட்டு காலியாகத்தானே இருக்கிறது? அவர்கள் மகாபலிபுரம் போகிறார்கள்; அங்கேயும் கடல்தானே? சனிக்கிழமை வாலெரியிடம், "சார், டுமாரோ மை வைஃப் ஆல்சோ கம்?" என்று கேட்டான். வாலெரி அவன் தோளில் தட்டி, "வைஃப்! யெஸ், யெஸ்!" என்றார். தமாரா கை தட்டினாள். இருவரும் நல்லவர்கள். அதில் சந்தேகமே இல்லை.

பஞ்சவர்ணம் பொங்கலுக்கு எடுத்த மாம்பழ நிறப் புடவையைக் கட்டிக்கொண்டாள். கனகாம்பரம் வைத்துக்கொண்டாள். ஒரு தூக்கில் புளிசோறு, இன்னொன்றில் வறுத்த கருவாடு. "கருவாடு வாணாம்மே, வண்டி நாறும்" என்று அவன் சொன்னதும் அதை மட்டும் எடுத்து அடுத்த வீட்டுப் பார்வதத்திடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

தமாரா அவளை முன்சீட்டில் உட்கார விடவில்லை. பின்சீட்டில் தன் பக்கத்தில் இடம் விட்டுத் தட்டிக் காட்டினாள். வாலெரி முன்னால் வந்துவிட்டார். பூந்தமல்லி, பல்லாவரம், கேளம்பாக்கம் என்று கார் போயிற்று. தமாரா இவள் பூவைத் தொட்டுப் பார்த்தாள், வளையலைத் தொட்டுப் பார்த்தாள். இவள் சிரித்தாள். கன்னியப்பன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினான். அன்று அவனுக்குத் தைலம் தேவைப்படவில்லை.

மகாபலிபுரத்தில் கால் வைக்க இடமில்லை. லாரி லாரியாக, மாட்டு வண்டி வண்டியாக ஜனம். கார் நிறுத்துகிற இடத்திலிருந்த போலீஸ்காரர், "டிரைவர் வண்டிய உட்டு நகரக் கூடாது, சொன்னா எடுக்கணும்" என்று சொல்லிவிட்டார். ஆகவே கன்னியப்பன் வண்டியோடு நின்றான். மற்ற மூவரும் நடந்தார்கள்.

போகும்போது தமாரா தன் கைப்பையை நீட்டினாள், பஞ்சவர்ணம் வாங்கிக்கொண்டாள். கொஞ்ச தூரத்தில் தண்ணீர் பாட்டில். பிறகு வாலெரி படம் எடுப்பதற்காகத் தோளில் மாட்டியிருந்த துண்டுகளை நீட்டினார். வெயில் ஏறி தமாராவின் கழுத்து சிவந்தபோது குடையை நீட்டினாள். பஞ்சவர்ணம் பிடித்தாள், தனக்கல்ல, அவளுக்கு. யாரும் அதட்டவில்லை, யாரும் ஏவவில்லை. ஒரு கை நீண்டது, இன்னொரு கை வாங்கிக்கொண்டது. நீட்டுகிற கைக்கும் வாங்குகிற கைக்கும் இது யாரும் சொல்லித்தராமலே தெரிந்திருந்தது.

வெள்ளைக்கார அம்மாவைச் சுற்றிக் கூட்டம் கூடியது. பாசிமணி விற்கிறவன் பஞ்சவர்ணத்திடம் வந்து, "இன்னாக்கா, உங்க மேடத்துக்குச் சொல்லேன், ஒரு மாலை எடுத்துக்கச் சொல்லு" என்றான்.

"என் மேடம் இல்லப்பா," என்றாள் அவள்.

"பின்ன பைய நீ தூக்கினு கீற?"

அவள் பையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

மத்தியானம் கடலோரத்தில் ஒரு பெரிய ஹோட்டல். வாலெரியும் தமாராவும் பேசிக்கொண்டே முன்னால் உள்ளே போய்விட்டார்கள். பின்னால் வந்த பஞ்சவர்ணத்தை வாசலில் நின்ற வாட்ச்மேன் கையை நீட்டித் தடுத்தார். "ஆயா, டிரைவர் எல்லாம் பின்பக்கம்." அவர் குரலில் கோபம் கூட இல்லை, வழி சொல்கிறவர் குரல். அவருடைய ஜாதியும் இவளுடைய ஜாதியும் ஒன்றாகவே கூட இருக்கலாம். யாரை எங்கே நிறுத்துவது என்பது காக்கிச் சட்டையோடு சேர்ந்து அவருக்கும் வந்துவிட்டது.

பின்பக்கம் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கார் நிழலில் உட்கார்ந்து இருவரும் புளிசோறு சாப்பிட்டார்கள்.

"நல்லாக் கீதா ஊரு?" என்று கத்திக் கேட்டான் கன்னியப்பன், ஜெனரேட்டருக்கு மேலே.

"கீது," என்றாள் அவள்.

தமாரா வெளியே வந்து தேடிப்பிடித்து, மெல்லிய காகிதத்தில் சுற்றிய கேக் துண்டுகளைக் கொடுத்தாள். ஏன் உள்ளே வரவில்லை என்று கையால் கேட்டாள். கன்னியப்பன் சிரித்துச் சமாளித்தான். எந்தப் பாஷையில் சொல்வது? நம்முடைய பாஷையிலேயே இதை நாம் இன்னும் நமக்குச் சொல்லி முடிக்கவில்லை.

சாயங்காலம், கன்னியப்பன் மறுபடியும் வண்டியோடு நிற்க, வாலெரியும் தமாராவும் கடலில் குளித்தார்கள். கூட்டம் குறைவான ஓர் இடமாகப் பார்த்து, துணிகளையும் பையையும் கேமராவையும் மணலில் வைத்துவிட்டு, "ப்ளீஸ்" என்று பஞ்சவர்ணத்திடம் கையெடுத்துச் சொல்லிவிட்டுத் தமாரா ஓடினாள். திருட்டு பயம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பஞ்சவர்ணம் துணிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அவளைப் போலவே புதுப் புடவை கட்டியவர்கள் முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, அலை வரும்போது ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். புருஷன்மார்கள் வேண்டுமென்றே கையை விட்டார்கள். வெளிச்சம் மங்கும்வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தமாரா உதடு நீலம் பூத்து, சந்தோஷமாகத் திரும்பி வந்ததும் துண்டை எடுத்து நீட்டினாள்.

திரும்பும்போது காரில் கன்னியப்பனைத் தவிர எல்லோரும் தூங்கினார்கள்.

குவார்ட்டர்ஸ் வாசலில் தமாரா பஞ்சவர்ணத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "நெக்ஸ்ட் சண்டே ஆல்சோ," என்று கன்னியப்பனைப் பார்த்துச் சொன்னாள். "ஷி வெரி குட் ஹெல்ப்."

வீட்டுக்கு வந்து பஞ்சவர்ணம் புடவையை மாற்றி, மணலை உதறினாள். காலைக் கழுவவில்லை.

"காலு கழுவலியா?"

"மண்ணுதான். ஒட்டல. நனைஞ்சாத்தானே ஒட்டும்."

கன்னியப்பன் பீடியைப் பற்ற வைத்தான். "இன்னாமே பண்றது. போலீஸ்காரன் உடல."

"உன் மேல எனக்குக் கோவம் இல்லய்யா. அந்தம்மா மேலயும் இல்ல. நல்ல பொம்பள." சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "ஆறு நாளு அங்க நிக்கறேன். ஏழாவது நாளும் வேலதான் பாத்துட்டு வந்துகீறேன், புதுப் பொடவ கட்டிகினு. அந்தம்மா இன்னா சொல்லிச்சு கடசியா? ஹெல்ப்புன்னா ஒத்தாசைதானே? கம்பெனில சூப்பர்வைசரும் அதத்தான் சொல்வாரு."

அவன் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தான்.

"இனிமே எனக்கு சீட்டு கேக்காதய்யா. உனுக்கு லீவு கேளு."

அந்த வாரம் முழுக்க அந்த வார்த்தை கன்னியப்பனோடு காரில் வந்தது. கேட் வழியே தொழிற்சாலைக்குள்ளே பீரங்கி வண்டிகளைப் பார்த்தான். இத்தனை மணி ஓடினால் நிறுத்து, பிரி, எண்ணெய் போடு, ஓய்வு கொடு என்று ஒவ்வொன்றுக்கும் அட்டவணை உண்டு. கேட்டுக்குள் வேலை செய்பவர்களுக்கு வார விடுமுறை உண்டு, சங்கம் உண்டு, கேன்டீன் உண்டு. கேட்டுக்கு வெளியே நிற்கும் ஒப்பந்தக் கார் டிரைவருக்கு மட்டும் எந்த அட்டவணையிலும் இடமில்லை. பீரங்கி அளவுக்குக்கூட அவனை யாரும் மதிக்கவில்லை என்பது அவனுக்குப் புதிய செய்தியில்லை. ஆனால் இத்தனை நாள் அதைச் செய்தியாகவே அவன் எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை மாலை வாலெரியிடம் சொன்னான். "சார், டுமாரோ நோ. மீ, மை வைஃப்... சண்டே."

வாலெரி அவனைக் கொஞ்சம் விநோதமாகப் பார்த்தார். "யூ, நோ ஹாலிடே? எவ்ரி வீக்?"

"நோ சார்."

"வொய் யூ நாட் சே?"

அவன் தோளைக் குலுக்கினான். ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறார். ஏன் கேட்கவில்லை என்று அவரிடம் திருப்பிக் கேட்க அவனிடம் இங்கிலீஷ் இல்லை. வாலெரி தன் செருப்பைப் பார்த்தபடி, "சாரி" என்றார்.

செங்கல்வராயனிடம் சொல்வதுதான் பாக்கி. ஹுமாயூன் கூடவே வந்தான். "நாளைக்கு என் பார்ட்டி ஊர்ல இல்ல மொதலாளி. இவன் வண்டிய நா ஓட்டறேன். ஹாரன் மட்டும் அடிப்பேன், அத அவங்க பொறுத்துக்கணும்."

செங்கல்வராயன் அவனைப் பார்க்கவே இல்லை. கன்னியப்பனைப் பார்த்தார். "ஆள மாத்தறத நீங்களே பேசி முடிச்சிட்டீங்களா? அப்ப நா யாருடா இங்க?"

"வண்டி நிக்காது மொதலாளி. நாந்தான் வரல. வாரத்துல ஒரு நாளு எனக்கும் வோணும்."

"வாரத்துல ஒரு நாளா!" அவர் சிரித்தார். "உங்கப்பன் எங்க கழனில வாரத்துல ஒரு நாளு கேட்டானாடா?"

"கேக்கலதான்," என்றான் கன்னியப்பன். "கேட்டிருக்கணும்."

வண்டி ஓடப்போகிறது, பணம் வரப்போகிறது, ஒரு நஷ்டமும் இல்லை. ஆனாலும் செங்கல்வராயனுக்கு முகம் கறுத்தது. கூலி கொடுப்பவருக்குக் கூலியைவிடக் கூலிக்காரன் வாய் திறந்து கேட்பதுதான் அதிகச் செலவு. "சண்டே வராதவன் மண்டேயும் வர வாணாம்," என்றார்.

கன்னியப்பன் சாவியை ஷெட்டில் தொங்கிய எலுமிச்சைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு வந்தான். வழியெல்லாம் ஹுமாயூன் திட்டிக்கொண்டே வந்தான், முதலாளியைக் கொஞ்சம், இவனைக் கொஞ்சம். "நைனா, பொண்டாட்டிய இட்டுகினு கடலுக்குப் போறதுக்கு வேலய உட்டவன் இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்தன்தான்" என்றான்.

பஞ்சவர்ணத்திடம் அன்றிரவே சொல்லிவிட்டான். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "எஸ்டேட்ல வேன் ஓட்ட ஆள் கேக்கறாங்கன்னு எங்க கம்பெனில பேசிகினாங்க" என்றாள்.

மறுநாள் சமையலை முடித்து, துணி துவைத்து, தண்ணீர் பிடித்து வைத்துக் கிளம்ப மத்தியானமாகிவிட்டது. அம்பத்தூர் ஸ்டேஷனில் சென்ட்ரல் வண்டி பிடித்தார்கள். அங்கே இறங்கி, பஸ் ஏறி, கடற்கரை என்பது திட்டம். வண்டியில் கூட்டமில்லை. ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவன். பாடி தாண்டும்போது அவள் அவன் தோளில் சாய்ந்தாள். பெரம்பூர் வந்ததா என்பது அவனுக்குத் தெரியாது.

"ஏம்பா... ஏம்பா. எங்க எறங்கணும் நீங்க?"

எதிர் சீட்டில் கொய்யாக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் அவன் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"சென்ட்ரல்," என்றான் கன்னியப்பன் திடுக்கிட்டு.

"நா சென்ட்ரல்லதான்பா ஏறினேன். அப்பவே ரெண்டு பேரும் பொணமாட்டம் தூங்கினு கீறீங்க. இது திரும்பி வருது. இப்ப திருமுல்லைவாயில்."

வண்டி நின்றது. இருவரும் அரக்கப்பரக்க இறங்கினார்கள். வெயில் சாய்ந்து, எதிர்த் திசை வண்டிக்குக் காத்திருப்பவர்களின் நிழல் நீண்டு கிடந்தது. கன்னியப்பன் வெட்கத்தோடு மனைவியைப் பார்த்தான். அவள் கன்னத்தில் அவன் சட்டையின் தையல் பதிந்திருந்தது. இவ்வளவு ஆழ்ந்து அவள் தூங்கி அவன் பார்த்ததில்லை. பகலில் அவள் தூங்குவதையே அவன் பார்த்ததில்லை.

"எதிர் வண்டி இப்ப வந்துடும்மே. போயி பாத்துட்டே வந்துடலாம். இருட்டினா இன்னா."

பஞ்சவர்ணம் கொட்டாவியை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"வாணாம்யா. ஊட்டுக்குப் போயி இன்னும் கொஞ்சம் தூங்கலாம்."

"அப்ப கடலு?"

"அடுத்த வாரமும் ஞாயித்துக்கிழமை வரும் இல்ல?"

"வரும்," என்றான் கன்னியப்பன்.

அவனுக்கு வேலையில்லை. நாளைக்குக் காலை எங்கே போய் நிற்பது என்று தெரியாது. எதிர் வண்டி வந்தது, அம்பத்தூருக்கு ஒரு ஸ்டேஷன் தூரம். ஏறி, நின்றுகொண்டே போனார்கள். உட்கார்ந்தால் மறுபடியும் தூங்கிவிடுவோம் என்று அவள் உட்கார விடவில்லை.